காலிக் கட்டடங்கள் வீடாகுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணி, "தம்பி, இந்த வருஷம் நீதான் பேசணும். டெக்னிக்கலாவும் இருக்கணும், குடும்பத்தோட வந்தவங்க தூங்காமலும் இருக்கணும்" என்றார். இந்த இரண்டு நிபந்தனையையும் ஒரே பீமில் தாங்க வைப்பது கஷ்டம். முயற்சி பண்ணுகிறேன்.

இன்றைக்குக் காலையில் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தபோது, நம்மில் பலரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். நேரே பழைய ஹாஸ்டல் பக்கம் போனேன். பூட்டிக் கிடக்கிறது. நாலு வருஷமாக யாரும் இல்லையாம். வராந்தாவில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. என் ரூம் ஜன்னலில் ஒரு மைனா குடியிருக்கிறது, வாடகை இல்லாமல். பக்கத்தில் நின்ற சீனியர் ஒருவர், "இடிச்சுட்டு கெஸ்ட் ஹவுஸ் கட்டப் போறாங்கப்பா, சங்கமே பணம் தருது" என்றார். அதைக் கேட்ட பிறகு, எழுதிக்கொண்டு வந்த பேச்சில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மாற்றிவிட்டேன்.

தலைப்பு, காலியாகக் கிடக்கும் கட்டடங்களைச் சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளாக மாற்ற முடியுமா என்பது.

முதலில் ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டின் நகரங்களில் மட்டும் சுமார் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. அடுத்த வருஷம், 2012-இல், மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை சுமார் 1 கோடியே 88 லட்சம் என்று சொன்னது. அந்தப் பற்றாக்குறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏழைகளும் குறைந்த வருமானக்காரர்களும்தான். ஒரு பக்கம் பூட்டிய கதவு, இன்னொரு பக்கம் வீடில்லாத குடும்பம். அதிலிருந்து இதைக் கழித்துவிட்டால் பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்தது என்று தோன்றும். அவ்வளவு சுலபம் இல்லைங்க.

காலிக் கட்டடத்தில் மூன்று ஜாதி உண்டு. முதல் வகை, சொந்தக்காரர் முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைத்திருப்பது. வாடகைக்கு விட்டால் ஆள் காலி பண்ண மாட்டானோ என்ற பயம். நம் மாநிலத்தில் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கும் வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் அமலுக்கு வந்தது. பயத்தைக் குறைக்கத்தான் அந்தச் சட்டம். இரண்டாவது வகை, அரசாங்கம் கட்டி, ஆள் போகாமல் கிடப்பது. மூன்றாவது வகை, வேறு காரியத்துக்காகக் கட்டி, அந்தக் காரியம் முடிந்துபோனது. ஆபீஸ், மில், லாட்ஜ், ஹாஸ்டல் எல்லாம் இதில் வரும். முதல் இரண்டு வகைக்கும் வக்கீலும் கலெக்டரும் வேண்டும். மூன்றாவதுக்குத்தான் நம்மைப் போன்ற ஆட்கள் தேவைப்படுகிறார்கள். இன்றைக்கு அதைத்தான் அதிகமாகப் பேசப் போகிறேன்.

ஒரு பரீட்சை வைக்கலாம். நம் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு கட்டடங்கள்: மத்திய நூலகம், பழைய ஹாஸ்டல். இரண்டும் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை வீடாக்கலாம்?

ஸ்ட்ரக்சர்ஸ் படித்தவன் உடனே நூலகம் என்பான். காரணம் இருக்கிறது. நம் ஐ.எஸ். 875 கோடு, வீட்டு அறைக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ நடமாடும் பாரம் என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது. ஆபீஸுக்கு 250-லிருந்து 400 வரை. புத்தக அடுக்கு அறைக்கு 600-க்குக் குறையக்கூடாது. அதாவது, நம் காம்பஸில் தளம் ரொம்பவும் வலுவாக இருக்கும் கட்டடங்களில் ஒன்று நூலகம். அதில் கட்டில் பீரோ போட்டுக் குடும்பம் நடத்தினால் அந்த ஸ்லாபுக்குக் கொசு உட்கார்ந்த மாதிரி. ஹாஸ்டலுக்கோ வீட்டுக்குரிய அதே 200-தான்.

ஆனால் நூலகத்தின் நடு வரிசை ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் இரண்டு மணிக்கும் டியூப்லைட் எரியும். அங்கே தூங்குவதற்கு எவ்வளவு வசதி என்று இங்கே பல பேருக்குத் தெரியும்; பெயர் சொல்லவில்லை. பகலிலும் இருட்டாக இருந்ததால்தான் அந்தத் தூக்கம் வந்தது. கட்டடம் நாலு பக்கமும் நூறு நூறு அடி. ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம், ஜன்னலின் மேல்மட்ட உயரத்தைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்தான் உருப்படியாக உள்ளே போகும் என்பது பழைய கைக்கணக்கு. ஏழு அடி உயரத்தில் ஜன்னல் முடிந்தால் பதினாலு அடி, மிஞ்சினால் பதினேழு அடி. நூறு அடி ஆழமுள்ள கட்டடத்தில் நடுவில் அறுபத்தைந்து, எழுபது அடி இருட்டு. அதில் வீடு கட்டினால் நாலு ஓரத்தில் இருப்பவன் மனிதன், நடுவில் இருப்பவன் வௌவால்.

ஹாஸ்டல் ரூம் பத்துக்குப் பன்னிரண்டு. முன்னால் வராந்தா, பின்னால் ஜன்னல். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகும். கரண்ட் போன மே மாசத்தில் அது நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. ஃபேனையும் டியூப்லைட்டையும் நம்பாமல் கட்டிய கட்டடம் அது. அதனால்தான் ஒல்லியாக இருக்கிறது. உலகம் முழுக்க இதே கதைதான். ஏ.சி.யும் டியூப்லைட்டும் பரவுவதற்கு முன்னால் கட்டிய ஆபீஸ்கள் ஒல்லி, சுலபமாக வீடாகும். பின்னால் வந்தவை குண்டு; லேசில் ஆகாது.

ஆகவே காலிக் கட்டடத்தைப் பார்க்கப் போகிறவன் முதலில் சுத்தியலை எடுத்துத் தூணைத் தட்ட வேண்டாம். நடுவில் போய் நின்றுகொண்டு, லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் எங்கே என்று பார்க்கட்டும்.

இந்தப் பாடத்தை நான் இங்கே படிக்கவில்லை. தப்பு பண்ணித்தான் படித்தேன். அதைச் சொல்லாமல் போனால் இந்த மேடைக்கு நான் நியாயம் செய்தவன் ஆக மாட்டேன்.

எம்.எஸ். முடித்து லண்டன் பக்கத்தில் சில வருஷம் வேலை பார்த்தேன். இங்கிலாந்தில் 2013 மே மாதம் ஒரு விதி வந்தது. ஆபீஸை வீடாக மாற்றுவதற்கு முழுத் திட்ட அனுமதி வேண்டாம். போக்குவரத்து, வெள்ளம், மண்ணில் நச்சு என்று இரண்டு மூன்று விஷயம் மட்டும் பார்த்துவிட்டு உள்ளூராட்சி ஓ.கே. சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு என்று ஆரம்பித்து, 2016-இல் நிரந்தரமாக்கினார்கள். அறை எவ்வளவு பெரிசு, ஜன்னல் இருக்கிறதா என்று கேட்க அந்த விதியில் இடமே இல்லை. ஏழைகளுக்கு இத்தனை வீடு கொடு என்றும் கேட்க முடியாது. நோக்கம் நல்லதுதான்: வீடு பற்றாக்குறை, ஆபீஸ்கள் காலி, சீக்கிரம் மாற்றுங்கள்.

2015-இல் எழுபதுகளில் கட்டிய ஒரு ஆபீஸ் கட்டடம் எங்கள் கம்பெனிக்கு வந்தது. என் வேலை, புதுக் குழாய்களுக்காக ஸ்லாபில் போடும் ஓட்டைகளுக்கும், புதுச் சுவர்களின் எடைக்கும் கணக்குப் பார்ப்பது. பிளானை விரித்தால், கட்டடத்தின் ஆழமான மூலையில் வரும் ஏழெட்டு வீடுகளில் படுக்கையறைக்கு ஜன்னல் இல்லை. சுவரின் மேலே ஒரு கண்ணாடிப் பட்டை. பக்கத்து அறையின் வெளிச்சத்தைக் கடன் வாங்குகிறதாம். சீனியரிடம் கேட்டேன். "சட்டம் கேட்கவில்லை, அது நம் ஸ்கோப்பும் இல்லை" என்றார். அவர் சொன்னது இரண்டும் உண்மை. நான் கணக்குத்தாளில் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து நீர்க்கசிவு என்று ஒரு புகார், பார்க்கப் போனேன். நாலாவது மாடியில் வராந்தாக் கோடியில் ஒரு ஜன்னல். அதன் கீழே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, எட்டு வயசுப் பையன் ஒருவன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். வெளியே நல்ல வெயில். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். "இங்கேதான் பகல் இருக்கு" என்றான்.

அவன் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரே அறை மாதிரி ஒரு வீடு. கவுன்சில் அனுப்பி வைத்த குடும்பம். லைட்டை அணைத்தால் இரவா பகலா தெரியாது, அதனால் அணைப்பதே இல்லை என்றார் அந்த அம்மா. நான் அளவெடுத்து, குழாய் ஜாயிண்ட்டைப் பார்த்து, ரிப்போர்ட் எழுதிவிட்டு வந்தேன். என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கட்டடம் இன்றைக்கும் உறுதியாகத்தான் நிற்கிறது.

இது என் ஒரு கட்டடத்தின் கதை மட்டும் இல்லை. 2020 ஜூலையில் இங்கிலாந்து அரசே கேட்டு வாங்கி வெளியிட்ட பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உண்டு. இந்த விதியின் கீழ் வந்த வீடுகளில், நாட்டின் குறைந்தபட்ச அளவு நிர்ணயத்தை எட்டியவை 22.1 சதவீதம்தான். முழு அனுமதி பெற்று மாற்றியவற்றில் 73.4 சதவீதம். இத்தனைக்கும் அந்த அளவு ஒன்றும் அரண்மனை இல்லை. ஒரு ஆளுக்கு 37 சதுர மீட்டர், நம் கணக்கில் நானூறு சதுர அடி. அந்த வருஷமே எல்லா முக்கிய அறைக்கும் இயற்கை வெளிச்சம் கட்டாயம் என்று விதியைத் திருத்தினார்கள். 2021 ஏப்ரலில் அளவும் கட்டாயமாயிற்று. ஏழெட்டு வருஷம் கழித்து வந்த ஞானம். அதற்குள் கட்டி முடித்த வீடுகளுக்கு யாரும் ஜன்னல் வைத்துத் தர முடியாது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ மாற்றவே வேண்டாம், இடித்துவிடலாம், இல்லையென்றால் பூட்டியே வைக்கலாம்" என்று யாராவது நினைக்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. வீடில்லாத ஊரில் காலிக் கட்டடம் காலியாகவே இருக்காது. நாம் வீடாக்காவிட்டால் அது தானாகவே வீடாகும், எஞ்சினியர் இல்லாமல்.

பிரேசிலின் சாவோ பாலோ நகரின் மையத்தில் 24 மாடிக் கட்டடம் ஒன்று. ஒரு காலத்தில் மத்தியப் போலீஸ் அலுவலகம். காலியான பிறகு நூற்றுக்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் உள்ளே புகுந்து பலகைத் தடுப்பு வைத்து வாழ்ந்தன. 2018 மே 1, விடியற்காலை, தீப்பிடித்தது. லிஃப்ட் இல்லாத லிஃப்ட் குழி புகைபோக்கியாக வேலை செய்தது. இரண்டு மணி நேரத்துக்குள் 24 மாடியும் சரிந்தது. ஏழு பேர் பலி. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஐந்து மாடிக் கட்டடம், சொந்தக்காரர் நகராட்சியேதான். நிறவெறிக் காலத்தில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு நடமாட்டச் சீட்டு கொடுத்த ஆபீஸ் அது. கைவிடப்பட்டு, அங்கேயும் தடுப்பு வைத்து மக்கள் வாழ்ந்தார்கள். 2023 ஆகஸ்ட் 31 அன்று நடந்த தீயில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. மறு வருஷம் விசாரணைக் கமிஷன், நகராட்சியின் பொறுப்பின்மையைத் தெளிவாகவே சுட்டிக்காட்டியது.

அதே சாவோ பாலோவில் இன்னொரு கதையும் உண்டு. மூடிப்போன ஒரு பழைய ஹோட்டலுக்குள் 2012-இல் வீடில்லாதவர்கள் குடியேறினார்கள். அவர்களை விரட்டுவதற்குப் பதிலாகப் பேச்சுவார்த்தை நடந்து, அரசின் குறைந்த வருமான வீட்டுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்கி, அந்தக் கட்டடத்தைச் சீர்செய்து நூற்றுக்கு மேற்பட்ட முறையான வீடுகளாக மாற்றினார்கள். ஒரே ஊர், ஒரே மாதிரி மக்கள். ஒன்றில் சாவு, ஒன்றில் சாவி.

ஹோட்டல் ஏன் சுலபம்? ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் உண்டு, குழாய் உண்டு. கொரோனா சமயத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமும் இதைத்தான் செய்தது. 2020-இல் ஆளில்லாமல் கிடந்த லாட்ஜ்களையும் மோட்டல்களையும் வாங்கி, முதல் சுற்றிலேயே சுமார் 6,000 வீடுகளைத் தெருவில் இருந்தவர்களுக்காக உருவாக்கினார்கள். புதிதாகக் கட்டப் போயிருந்தால் அஸ்திவாரம் முடிவதற்குள் கொரோனா முடிந்திருக்கும்.

இப்போது நம் சப்ஜெக்ட்டுக்கு வருகிறேன். ஜன்னல் பரீட்சையில் பாஸான கட்டடத்துக்கு அடுத்து என்ன பார்க்க வேண்டும்? மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, கான்கிரீட்டின் வயசு. கான்கிரீட் உள்ளே காரமாக இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மெதுவாக உள்ளே போய் அந்தக் காரத்தைக் கொல்லும். முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் பினாப்தலீன் ஊற்றி டைட்ரேஷன் பண்ணினோமே, அதே சொட்டுதான் இதற்கும். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால் காரம் உள்ள இடம் ரோஸ் நிறமாகும். செத்த இடம் நிறம் மாறாது. இது வருஷத்தின் வர்க்கமூலக் கணக்கில் நகரும். 16 வருஷத்தில் பத்து மில்லிமீட்டர் போயிருந்தால், இருபது மில்லிமீட்டர் போக 64 வருஷம் ஆகும். கம்பிக்கு மேலே இருக்கும் கவர் எவ்வளவு என்று தெரிந்தால், மிச்ச ஆயுளை ஓரளவு மதிப்பிடலாம். பழைய கட்டடம் என்றாலே இடி என்பவர்களுக்கு முதலில் இந்தச் சொட்டு மருந்தைக் காட்ட வேண்டும். அப்புறம் கோர் எடுத்து உடைத்துப் பார்க்கலாம். சராசரி, தேவையான பலத்தில் 85 சதவீதம். எந்த ஒரு கோரும் 75-க்குக் கீழே போகக்கூடாது. இது ஐ.எஸ். 456, நம் சார் கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லித் தந்ததுதான்.

இரண்டு, நாமே ஏற்றும் பாரம். பழைய தளம் ஆளைத் தாங்கும். ஆனால் மேஸ்திரி வந்து நாலரை அங்குலச் செங்கல் சுவரை இஷ்டத்துக்கு எழுப்பினால் ஓடு மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் ஏறும். பாத்ரூமுக்கு ஸ்லாபை ஒரு அடி உயர்த்தி செங்கல் ஜல்லி கொட்டினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ. குடியிருக்கும் ஆட்களின் பாரத்தைப் போல இரண்டரை மடங்கு, ஒரு பக்கெட் தண்ணீர் பிடிப்பதற்கு முன்னாலேயே. அதற்குப் பதிலாக, செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள ஏ.ஏ.சி. பிளாக் இருக்கிறது. குழாயை ஸ்லாபுக்குள் புதைக்காமல் அடியில் தொங்கவிடலாம், இல்லை வெளிச்சுவரில் இறக்கிவிடலாம்.

மூன்று, தண்ணீரும் படிக்கட்டும். ஆபீஸில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 45 லிட்டர் என்று கணக்கு, வீட்டில் 135. மூன்று மடங்கு தண்ணீர் உள்ளே வரும், மூன்று மடங்கு வெளியே போகவும் வேண்டும். ஆபீஸில் டாய்லெட் ஒரே மூலையில் இருக்கும். வீடானால் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். படிக்கட்டு விஷயத்தில் சிக்கனமே கூடாது. ஒரு பக்கம் புகை வந்தால் இறங்க இன்னொரு பக்கம் வேண்டும். அந்தக் கதவுக்குப் பூட்டு வாங்கக்கூடாது. ஜோகன்னஸ்பர்க்கில் செத்தவர்களை நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

அடுத்தது பணம். "மாற்றினால் மலிவு, மலிவானால் ஏழைக்குக் கிடைக்கும்" என்று பலர் நம்புகிறார்கள். முதல் பாதி பல இடங்களில் சரி. அஸ்திவாரமும் சட்டமும் ஏற்கெனவே நிற்கின்றன; ஊருக்கு நடுவில் நிற்கின்றன; பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது பாதி தானாக நடக்காது. நியூயார்க்கில் 1995-இல், மன்ஹாட்டனின் தென்கோடியில் காலியான ஆபீஸ்களை வீடாக்க வரிச்சலுகை கொடுத்தார்கள். ஏறத்தாழ 13,000 வீடுகள் வந்தன. பொறியியல் வெற்றிதான். ஆனால் குறைந்த வருமானக்காரர்களுக்கு இத்தனை என்று ஒதுக்கச் சொல்லவில்லை. அதனால் ஒதுக்கவும் இல்லை. 2024-இல் அதே மாநிலம் புதிய சலுகைச் சட்டம் போட்டபோது, நாலில் ஒரு வீடு கட்டுப்படியான வாடகையில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்தது. சலுகை கொடுக்கும் அன்றைக்கே நிபந்தனையை எழுத வேண்டும். கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

நம் நாட்டிலும் முயற்சி நடந்திருக்கிறது. 2020-இல் ஊரடங்கின்போது புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்து போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஜூலையில் மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அரசுப் பணத்தில் ஏற்கெனவே கட்டிக் காலியாகக் கிடக்கும் வீடுகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விடுவது அதன் ஒரு பகுதி. சண்டிகரில் 2,195 வீடுகள் இப்படி மாறின. ஆனால் நாடு முழுக்கக் காலியாகக் கிடந்தவை எண்பதாயிரத்துக்கு மேல். மாறியவை சில ஆயிரம்தான். வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டிய இடத்தில் வீட்டைக் கட்டினால், வாடகை மிச்சமானாலும் டிக்கெட்டில் போய்விடும். கட்டடம் எங்கே நிற்கிறது என்பது அது எப்படி நிற்கிறது என்பதைவிடப் பெரிய கேள்வி.

இதோடு நம் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறேன்.

நம் மெஸ்ஸில் இன்றைக்குத் தோசை சுட்டுப் போட்ட அண்ணனிடம் பேசினேன். காலை மூன்றரைக்கு எழுந்து, இருபத்திரண்டு கிலோமீட்டர், டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வருகிறார். காம்பஸ் பக்கத்தில் வீடு பார்த்தீர்களா என்றேன். "பார்த்தேனுங்க தம்பி. மாணவருங்களுக்கு ரூம் விட்டா ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கறாங்க. குடும்பத்துக்கு யாரு விடறாங்க?" என்றார். கட்டட வேலை தெரியாத மனிதர், காரணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். நாம் வந்து தங்கியதால்தான் அவருக்கு வீடு இல்லை. அவரைப் போல, கூட்டுகிற அம்மாக்கள், வாட்ச்மேன்கள், ஒப்பந்த லேப் உதவியாளர்கள் என்று எத்தனையோ குடும்பங்கள்.

பழைய ஹாஸ்டல் மூன்று தளம், 72 ரூம். மூன்று ரூம் சேர்ந்தால் 360 சதுர அடி, சுமார் 33 சதுர மீட்டர். 2015-இல் வந்த மத்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கான வீடு 30 சதுர மீட்டர் வரை என்று வைத்திருந்தார்கள். அதைவிடக் கொஞ்சம் பெரிசே. நடு ரூமை நீளவாக்கில் பிரித்தால் சமையலறையும் குளியலறையும். இரண்டும் பின்சுவரைத் தொடும், குழாய் வெளியே இறங்கிவிடும். இரண்டு பக்கமும் ஜன்னலோடு ஒவ்வொரு அறை. கட்டடம் ஒன்பது அங்குலச் சுவரின் மேல் நிற்பது, சுவரை எடுக்கக்கூடாது. ஒரு கதவு அளவுக்கு வெட்டி லிண்டல் போட்டால் போதும். கூட்டிக் கழித்தால் 24 வீடு. படிக்கட்டு இரண்டு கோடியிலும் ஏற்கெனவே இருக்கிறது. நாம் சினிமாவுக்குப் போய்விட்டு வார்டனுக்குத் தெரியாமல் ஏறிய படிக்கட்டு.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. ஸ்லாபில் கம்பி உப்பியிருக்கலாம், மொட்டைமாடி ஓட்டையாக இருக்கலாம். அதனால் சங்கத்திடம் நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. இடிக்கிற டெண்டரைப் போடுவதற்கு முன்னால் மூன்று மாதம் கொடுங்கள். எங்கள் செட்டில் சிவில்காரர்கள் பதினோரு பேர் இங்கே இருக்கிறோம். கோர் எடுப்பது, பினாப்தலீன் பார்ப்பது, குழாய்ப் பாதை வரைவது, உபயோக மாற்ற அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரிப்பது எல்லாவற்றையும் கட்டணம் இல்லாமல் செய்கிறோம். இன்றைய இறுதியாண்டு மாணவர்கள் கூட வரட்டும். அவர்களுக்கு புராஜெக்ட் ஆச்சு. கட்டடம் தேறவில்லை என்றால், இடியுங்கள் என்று ரிப்போர்ட்டில் முதல் கையெழுத்து நானே போடுகிறேன். தேறினால், வாடகை இவ்வளவுக்கு மேல் போகாது, வீடு நம் ஊழியர்களுக்கு மட்டும்தான் என்பதை முதல் செங்கல்லுக்கு முன்னால் தீர்மானமாக எழுதிக்கொள்வோம்.

கெஸ்ட் ஹவுஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் வருஷத்தில் இரண்டு நாள் வருகிறோம்; டவுனில் லாட்ஜ் இருக்கிறது. அந்த அண்ணன் வருஷத்தில் முந்நூறு நாள் மூன்றரைக்கு எழுந்திருக்கிறார்.

ஒரே ஒரு ஆசை எனக்கு உண்டு. இன்னொரு முறை ஒரு மாற்றுப் பிளான் என் மேஜைக்கு வரும்போது, கணக்குத்தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு அறையிலும் ஜன்னலைத் தேடி விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறேன். இங்கே இருக்கும் இளைய மாணவர்களும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டால், அந்தப் பையனுக்கு நான் பட்ட கடனில் கொஞ்சமாவது தீரும்.

மத்தியானச் சாப்பாடு காத்திருக்கிறது.